எஸ்டிமேட்டில் எழுதாதது

அன்புள்ள மக்களே,

உன் காரின் சைலன்சரையும் புகைக்குழாயையும் மாற்றுவதற்குக் கோயம்புத்தூர் பட்டறையில் எழுதி வாங்கி நீ போனில் அனுப்பிய எஸ்டிமேட்டை அம்மா பெரிதாக்கிக் காட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். போனில் பேசினால் நாம் இருவரும் குரலை உயர்த்திவிடுவோம் என்பதால் எழுதுகிறேன். மார்த்தாண்டத்தில் 31 வருடம் சைலன்சருக்கு வெல்டிங் வைத்தவனிடம் நீ யோசனை கேட்டிருக்கிறாய். அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

ஸ்டெயின்லெஸ் பின்பெட்டி, அதாவது சைலன்சர், 26,000. நடுக்குழாய் 14,500. குழாய்களை இணைக்கும் பிளேஞ்ச், இடையில் வைத்து அடைக்கும் கேஸ்கட், குழாயைத் தாங்கும் தொங்கு ரப்பர் 4,000. கூலி 6,000. ஈசியூ ரீமேப், அதாவது என்ஜினை நடத்தும் கணினியின் அமைப்பை மாற்றி எழுதுவது, 18,000. ஆக 68,500 ரூபாய். கீழே சின்ன எழுத்தில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் 5,000 ரூபாய் கழிவு.

முதலில் அந்தக் கழிவைச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் கோபப்படுத்தியது அதுதான். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற ஒரு கட்டி இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அதுதான் கெடுதல் குறைத்து வெளியே விடுகிறது. அந்த உலோகங்களுக்கு நல்ல விலை உண்டு. 5,000 ரூபாயைக் கழித்துவிட்டு உன் காரின் உறுப்பைத் தன் கணக்கில் விற்றுக்கொள்ளப் போகிறார் பட்டறைக்காரர். உன் கார் பிஎஸ்-6 புகை விதிப்படி செய்தது. கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்து கண்காணிக்கிறது. கன்வெர்ட்டர் போனால் டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும். அந்த விளக்கை எரியவிடாமல் செய்வதும் ரீமேப்புக்கு வாங்கும் 18,000 ரூபாயில் சேர்த்தி. கண்ணைக் கட்டிவிட்டு நோய் போய்விட்டது என்கிற வேலை இது. இதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதே.

இனி சக்தி. உன்னுடையது டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத 1197 சிசி என்ஜின். டர்போ உள்ள வண்டியில் குழாயை மாற்றி ரீமேப்பும் செய்தால் வித்தியாசம் காலுக்குத் தெரியும். உன் வண்டியில் பின்பெட்டியையும் நடுக்குழாயையும் மாற்றி ஓரிரு குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது. அதைவிட, இரண்டரை அங்குலக் குழாய் என்று எழுதியிருக்கிறார்கள். இந்தச் சின்ன என்ஜினுக்கு அது மிக அகலம். அகலக் குழாயில் புகையின் வேகம் குறையும். வேகமாகப் போகும் புகைதான் சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு போனால் என்ஜின் மெதுவாகச் சுழலும் குறைந்த சுற்றில் வண்டிக்கு மூச்சு இருக்காது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஏற்றமும் இறக்கமுமாக, எதிரே டாரஸ் லாரி வந்தால் ஒதுங்கி நின்று மீண்டும் எடுக்க வேண்டிய ரோட்டில் நமக்கு வேண்டியது அந்தக் குறைந்த சுற்று இழுவைதான்.

சத்தம் பிடித்திருக்கிறது என்கிறாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன். உன் பாட்டா வைத்திருந்த புல்லட்டின் சத்தம் குழித்துறைப் பாலத்தில் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். ஆனால் நீ வீடியோவில் கேட்பது வெளியே நிற்பவன் கேட்கும் சத்தம். நீ உள்ளே உட்காரப் போகிறாய். மதுரை தாண்டி நான்கு வழிச்சாலையில் ஒரே சீராக ஓட்டும்போது, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குப் பக்கத்தில், மலிவான பெட்டிகள் காருக்குள் ஒரு இரைச்சலைக் கொண்டுவரும். செண்டையை மடியில் வைத்து அடிப்பது போல இருக்கும். ஆரல்வாய்மொழி வந்து சேர்வதற்குள் தலை கனத்துவிடும். அதைச் சரிசெய்ய, அந்த இரைச்சலை அடக்கும் ரெசனேட்டர் என்ற பெட்டி வைக்க வேண்டும். அது எஸ்டிமேட்டில் இல்லை.

நீ எப்போதும் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறாய். நம் தெருவில் பாதி வீட்டில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். விடியும் முன் எழ வேண்டியவர்கள் எட்டரைக்கே படுத்துவிடுவார்கள். பயணிகள் காருக்கு 74 டெசிபல் உச்சம் என்று விதி. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

இப்போது நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஒருவர் வேனுக்கு சைலன்சர் மாற்ற வந்தார். மறுநாள் பேச்சிப்பாறைக்குக் குடும்பத்தோடு போக வேண்டும், இன்றே வேண்டும் என்றார். இருட்டிய பிறகு குழிக்குள் இறங்கி பிளேஞ்சின் மேல்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே வெல்டு வைத்தேன். அங்கே குண்டூசி முனை அளவு ஓட்டை நின்றுவிட்டது. வேனின் அடித்தளத்தில் ரப்பர் மூடி இல்லாத ஒரு துளை இருந்ததையும் நான் கவனிக்கவில்லை. மழை என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பின் இருக்கையில் இருந்த இரண்டு குழந்தைகளும் வாந்தி எடுத்தன, ஒன்று மயங்கிவிட்டது. வளைவு ரோடு, அதனால்தான் என்று நினைத்திருக்கிறார்கள். பாட்டி ஒருத்தி காற்று வேண்டும் என்று கதவைத் திறக்கச் சொன்னதால் பிழைத்தார்கள். அந்த ஓட்டையில் கசிந்து துளை வழியாக உள்ளே ஏறிய புகையில் கார்பன் மோனாக்சைடு இருந்தது; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். அவர்கள் என்னைத் திட்டக்கூட இல்லை. நான் அன்றிலிருந்து இருட்டிய பிறகு ஒரு வெல்டும் வைத்ததில்லை.

எஸ்டிமேட்டில் 4,000 என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்களே, பிளேஞ்சும் கேஸ்கட்டும், என் கண் அங்கேதான் நிற்கிறது. எந்தப் பட்டறையில் செய்தாலும், வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்குழாயை ஈரத் துணியால் சில நொடி அடைத்துப் பிடிக்கச் சொல். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் விடு. குமிழி வந்தால் பணம் கொடுக்காதே. பின்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நிற்கிறதா, டிக்கியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்றும் பார். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. குட்டையான குழாயின் புகை அங்கேயே சுழன்று டிக்கி வழியாக உள்ளே வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். ஒலி, புகை விதியை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை; சிறைக்கும் இடம் உண்டு. நீ மாதம் ஒருமுறை கேரள எல்லையான களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவன். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் சொல்லாமல் செய்த மாற்றத்தைத்தான்.

ஸ்டெயின்லெஸ் பற்றி நீ எழுதியது மட்டும் முழுக்கச் சரி. குளச்சல், முட்டம் பக்கத்து மீன் வண்டிகளின் சைலன்சரை உப்புக்காற்று வெளியேயிருந்தும் தண்ணீர் உள்ளேயிருந்தும் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். வீட்டிலிருந்து சந்தை வரை மட்டும் ஓடும் வண்டியில் அது காயாமல் பெட்டிக்குள்ளேயே நிற்கும். உன் வண்டி நெடுந்தூரம் ஓடுவது; அதன் பெட்டிக்கு இன்னும் பல வருடம் ஆயுள் உண்டு.

நீ முன்பணமாக 10,000 கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். திருப்பித் தரமாட்டேன் என்றால் சண்டை போடாதே; அங்கேயே டயர் போடுகிறார்களா என்று கேள், அந்தத் தொகைக்குக் கழித்துக்கொள்ளட்டும். போன தடவை வந்தபோது உன் முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்திருந்தன. மழையில் அந்த டயரோடு நீ வந்ததை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

அடுத்த ஞாயிறு இங்கே நம் பட்டறை பூட்டியிருக்கும், குழி காலியாக இருக்கும். வண்டியை ஏற்றிப் பகல் வெளிச்சத்தில் இருவருமாகப் பார்ப்போம். தொங்கு ரப்பர் ஒன்று அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பீடு பிரேக்கரில் நீ கேட்ட தட்டல் அதுவாக இருக்கலாம். சனி இரவு எத்தனை மணியானாலும் கதவைத் தட்டு. விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா