சீட்டு நடத்துற அக்கா எப்படிங்க 'ஃபோர்மேன்' ஆவாங்க? சட்ட அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

டெல்லியில சட்ட அமைச்சகத்துல மசோதா எழுதுற அதிகாரிகளுக்கு,

வணக்கம். நேரா விஷயத்துக்கு வரேன். 1982ல வந்த சிட் ஃபண்ட்ஸ் சட்டத்துல, சீட்டு நடத்துறவங்களுக்கு நீங்க வச்சிருக்கிற பேரு ஃபோர்மேன். எங்க பக்கம் வந்து பாருங்க, சீட்டுன்னாலே ஏதாவது ஒரு அக்கா பேரோடதான் சேர்த்துச் சொல்லுவாங்க (தெருச் சீட்டுல முக்காவாசி பதிவே இல்லாதது, அது வேற கதை, அத இங்க இழுக்கல). எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா முறையா பதிவு பண்ணி நடத்துறாங்க. சீட்டுத் தொகைக்கு ஈடா பேங்க்ல டெபாசிட் போட்டு, ஒவ்வொரு ஏலத்துக்கும் மினிட்ஸ் எழுதி, அதோட நகலை ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல தாக்கல் பண்ணி, கட்டாதவன் வீட்டு வாசல்ல போய் நின்னு வசூல் பண்றது வரைக்கும் எல்லாம் அவங்கதான். ஆனா ஒப்பந்தத்துல கையெழுத்து போடுற எடத்துக்குக் கீழ இருக்கிறது ஃபோர்மேன். புதுசா சேர வந்த ஒருத்தர் அத படிச்சிட்டு "ஃபோர்மேன் சார் எப்போ வருவாரு"ன்னு கேட்டாரு. நான்தாங்க அதுன்னு சொன்னாங்க, அவரு கொஞ்ச நேரம் நம்பவே இல்ல.

இது பழைய சட்டம், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு விட்டிருப்பேன். ஆனா 2019ல இதே சட்டத்த எடுத்து திருத்தினீங்களே. வார்த்தைங்களையே மாத்தினீங்க, சிட் அமவுண்ட்டு கிராஸ் சிட் அமவுண்ட் ஆச்சு, டிவிடெண்டு ஷேர் ஆஃப் டிஸ்கவுண்ட் ஆச்சு, பிரைஸ் அமவுண்ட்டு நெட் சிட் அமவுண்ட் ஆச்சு. ஃபோர்மேனோட கமிஷன் உச்சவரம்பையும் 5 சதவீதத்துல இருந்து 7 சதவீதமாக்கினீங்க, நல்லது, சந்தோஷம். கமிஷன கூட்டும்போது கூட அந்த 'மேன்' கண்ணுல படலையா? இதுல பெரிய கூத்து என்னன்னா, சிட் ஃபண்டுங்கிற பேரு கெட்டுப் போச்சுன்னு அதுக்கு இன்னொரு பேரும் சேர்த்தீங்க, ஃபிராடெர்னிட்டி ஃபண்டுன்னு. அதாவது சகோதரர்கள் நிதி! அக்காங்க நடத்துற சீட்டுக்கு!

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். 1897ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் சட்டம் 13வது பிரிவுல, ஆண்பால்ல எழுதினா பெண்பாலும் அதுல அடக்கம்னு இருக்கு. சரிங்க, கோர்ட்டுல அது செல்லும். ஆனா பதவிப் பேரு கோர்ட்டோட நிக்கிறதில்லையே, அது ரூம் வாசல் போர்டுல இருக்கு, ரப்பர் ஸ்டாம்ப்ல இருக்கு, லெட்டர்பேட்ல இருக்கு, அங்கெல்லாம் 13வது பிரிவ யாரும் கூடவே ஒட்டி வைக்கிறதில்ல. அந்த 1897 சட்டத்த நமக்கு எழுதிக் குடுத்த வெள்ளைக்காரனே 2007ல இருந்து அவன் ஊர் சட்டத்த ரெண்டு பாலுக்கும் பொதுவா எழுதுறேன்னு மாறிட்டான். நாமதான் அவன் விட்டுட்டுப் போன கோட்ட இன்னும் கழட்டாம உக்காந்திருக்கோம்.

உங்களுக்கு இது எழுதத் தெரியாததும் இல்ல. நம்ம அரசியலமைப்புலயே ரெண்டு விதமாவும் இருக்கு. 89வது பிரிவுல ராஜ்யசபாவுக்கு சேர்மன். 1992ல கொண்டுவந்த 73, 74வது திருத்தத்துல பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் சேர்பெர்சன், ஏன்னா அதே திருத்தத்துலதான் அந்தப் பதவிகள பொம்பளைங்களுக்கும் ஒதுக்கினாங்க. வயலட் ஆல்வா, நஜ்மா ஹெப்துல்லா எல்லாம் வருஷக்கணக்கா ராஜ்யசபாவ நடத்தினவங்க, அவங்க பதவி பேரு டெபுடி சேர்மன்தான். 2013ல ஸ்டேட் பேங்க்குக்கு முதல் பெண் தலைவரா அருந்ததி பட்டாச்சார்யா வந்தாங்க, அந்த பேங்க்கோட 1955 சட்டத்துல இருக்கிறதும் சேர்மன்தான். இன்னொரு பக்கம் நூறு நாள் வேலைத் திட்டத்துல புகார் விசாரிக்கிறவங்கள ஓம்பட்ஸ்பெர்சன்னு ஆக்கியாச்சு, ரிசர்வ் வங்கி 2021ல கொண்டுவந்த திட்டத்துல ஓம்பட்ஸ்மேன்னே வச்சாங்க. ஒரே அரசாங்கம், ஆளுக்கொரு பக்கம்.

அதுக்காக ஃபோர்வுமன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடுத்துடாதீங்க, தயவு செஞ்சு. அப்புறம் ஃபாரத்துல ரெண்டு பேரையும் அச்சடிச்சு ஒண்ண அடிக்கச் சொல்லுவீங்க, அதுல வேற ஒரு க்யூ நிக்கும். சிட் மேனேஜர்னு போடுங்க, முடிஞ்சது. மத்த எடத்துல சேர்பெர்சன் ஏற்கனவே உங்க கையில இருக்கு. அரசியலமைப்ப திருத்துறதுக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அது நாளாகும், புரியுது. சிட் ஃபண்ட்ஸ் சட்டத்துக்கு அதெல்லாம் வேணாம், சாதாரண மசோதாவே போதும். அடுத்த தடவை அந்த ஃபைல் உங்க டேபிளுக்கு வரும்போது ஃபோர்மேன எடுத்துடுங்க, அப்படியே அந்த ஃபிராடெர்னிட்டியையும்.

இப்படிக்கு,
மாசாமாசம் அந்த அக்காகிட்ட சீட்டு கட்டுற ஒருத்தி