ரோலர் கோஸ்டர் வரிசைக்கு நேரச் சீட்டு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு வட்டாரப் பள்ளிகளிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சுற்றுலாப் பேருந்துகள் விடியுமுன்னே புறப்படுகின்றன. அவற்றில் பல, பகல் முழுவதையும் ஏதேனும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில்தான் கழிக்கின்றன. பீடி சுற்றியும் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தும் பெற்றோர் சேர்த்துக் கட்டிய பணத்தில் வரும் பிள்ளைகள், அங்கு ரோலர் கோஸ்டர் ஒன்றுக்காகவே பாதி நாளைக் கம்பித் தடுப்புகளுக்குள் நின்று தீர்ப்பதை ஆசிரியை என்ற முறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். இதில் மாற்றக்கூடியவை பல இருந்தும் மாற்றப்படாமல் இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எல்லோரும் விரும்பும் ரைடு என்றால் கூட்டம் சேரத்தான் செய்யும். அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை. ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது அடிப்படைப் பாதுகாப்பு ஏற்பாடு. ஆகவே, எத்தனை பேர் காத்திருந்தாலும் முன்னால் சென்ற வண்டி நகர்ந்து இடம் விட்ட பிறகே அடுத்ததை அனுப்ப முடியும். 28 இருக்கைகள் கொண்ட வண்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படுவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 840 பேர் ஏறலாம். அதுவே மூன்று நிமிடமானால் 560 பேர்தான். ஒவ்வொருவரின் தோள்பட்டைக் கம்பியையும் பெல்ட்டையும் ஊழியர் இழுத்துப் பார்க்கும் நேரத்தில் ஒரு நொடியைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். 2019இல் அகமதாபாத் காங்கரியா பூங்காவில் ரைடு முறிந்து விழுந்து உயிர்கள் பலியானதை நாம் மறந்துவிட முடியாது. ஆனால் செல்போனை எங்கே வைப்பது, துப்பட்டாவை எங்கே முடிவது, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற பேச்செல்லாம் மேடையில் ஏறிய பிறகே தொடங்குவதால் வீணாகும் நிமிடங்களைக் கட்டாயம் குறைக்கலாம். வரிசையின் பாதியிலேயே ஓர் ஊழியரை நிறுத்தி இவற்றைச் சொல்லி அனுப்பினால் போதும். அதேபோல, தனியாக வருபவர்களுக்கு என ஒரு சிறு வரிசை வைத்தால், நால்வர் அமரும் இடத்தில் மூவர் ஏறியதும் காலியாகப் போகும் இருக்கையும் பயன்படும்.

எனக்குப் பெரும் மனக்குறை தருவது கூடுதல் பணம் கொடுப்பவர்களை முன்னால் ஏற்றிவிடும் விரைவு டிக்கெட் முறைதான். விரும்புகிறவர் வாங்கிக்கொள்ளட்டும், மற்றவருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் நிச்சயமாக இருக்கிறது. ஏனெனில் அந்த டிக்கெட்டால் வண்டியில் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை. மேலே சொன்ன கணக்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் விரைவு வரிசைக்குப் போனால், சாதாரண வரிசைக்கு மணிக்கு 840க்குப் பதில் 560 இடங்களே மிஞ்சும். முன்னால் 560 பேர் நிற்கும்போது 40 நிமிடத்தில் ஏற வேண்டிய பிள்ளை ஒரு மணி நேரம் நிற்க நேரிடும். அந்த 20 நிமிடம் அவளைக் கேட்காமலே அவளிடமிருந்து எடுத்து விற்கப்படுகிறது. அன்றைக்கு எத்தனை விரைவு டிக்கெட்டுகள் விற்கப்பட்டன என்பதை, சாதாரண டிக்கெட் வாங்குபவருக்கு நுழைவாயிலில் யாரும் சொல்வதுமில்லை.

இதைவிட வேதனையான ஒன்றையும் நேரில் பார்த்தேன். எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தகரக் கூரையின் அனலில், தீர்ந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வளைவு வரை தோழிகளோடு நகர்ந்து வந்தாள். மேடையின் படியருகே உயர அளவுகோல் இருந்தது. அதில் நிறுத்திப் பார்த்த ஊழியர், உயரம் போதாது என்று அவளைப் பக்கவாட்டு வழியாக வெளியே அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரியே. அந்த விதி அவள் உயிரைக் காப்பதற்குத்தான். ஆனால் அந்த அளவுகோல் வரிசையின் வாசலில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அங்கேயே சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் வேறு ரைடுகளில் அவள் ஏறி மகிழ்ந்திருப்பாள்.

தீர்வுக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காட்பாடியில் ரயிலேறித் திருப்பதி போய்வரும் நம் மாவட்டத்தாருக்கு அங்குள்ள தரிசன டோக்கன் முறை நன்கு பழக்கமானது. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு மட்டுமின்றி, விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம் போன்ற இடங்களில் இலவசமாகத் தரப்படும் சர்வ தரிசன டோக்கனிலும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களும் 1999இல் இத்தகைய நேரச் சீட்டை இலவசமாகவே அறிமுகப்படுத்தின. அதைக் கைவிட்டுக் கட்டண முறைக்கு மாறியது 2021இல்தான். கூட்டம் மிகுந்த ஒன்றிரண்டு ரைடுகளுக்கு மட்டுமாவது நம் பூங்காக்கள் இலவச நேரச் சீட்டு வழங்கினால், பிள்ளைகள் அதுவரை நிழலில் அமர்ந்து சாப்பிடலாம், மற்ற ரைடுகளுக்கும் போய்வரலாம். நேரச் சீட்டால் இருக்கைகள் கூடிவிடாது என்பதை அறிவேன்; வெயிலில் நிற்கும் நேரம் குறையும்.

அதுவரை, ஒவ்வொரு வரிசையின் வாசலிலும் இப்போதைய காத்திருப்பு நேரத்தை எழுதி வைப்பதும், பழுதுபார்ப்புக்காக ரைடு நிறுத்தப்பட்டிருந்தால் அதை டிக்கெட் கவுன்டரிலேயே அறிவிப்பதும், விரைவு டிக்கெட்டுக்கு ஒதுக்கும் இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்து அதை வெளிப்படையாகத் தெரிவிப்பதும் பூங்கா நிர்வாகங்களின் கடமையாகும். பெறப்போகும் சேவையின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு வழங்கியிருக்கிறது. சுற்றுலாத் துறையும் இவ்விஷயத்தில் நிர்வாகங்களை அழைத்துப் பேச வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழுவாகப் பதிவு செய்யும்போது கட்டணத் தள்ளுபடியோடு நின்றுவிடாமல், நம் பிள்ளைகளுக்கு ரோலர் கோஸ்டரில் எந்த நேரம் ஒதுக்கப்படும், உயர வரம்பு என்ன என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே முன்பணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.