பூவா தலையா போட்டுப் பார், மகளே

அன்புள்ள மகளுக்கு,

12 வருஷமாக நிரல் எழுதும் உனக்கு ஏஐ கருவி தேவையா என்று கேட்டிருந்தாய். எந்த வேலைக்கு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

2025 ஜூலையில் மீட்டர் (METR) என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஓப்பன் சோர்ஸில் (யாரும் பார்க்கக்கூடிய பொது நிரலில்) பழுத்த 16 பேர், பல ஆண்டு பழகிய புராஜெக்டுகளில் 246 வேலைகள். எதற்கு ஏஐ உண்டு, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஏஐயால் 24 சதவீத நேரம் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள், முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரமோ ஏஐயோடு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது என்றது. அன்றைய கருவிகளின் கணக்கு அது; இன்றைய எண் வேறாக இருக்கலாம். எனக்கு உறைத்தது நினைப்புக்கும் கடிகாரத்துக்கும் இடையே இருந்த தூரம்தான்.

எனக்குத் தோன்றும் காரணம் எளிது. தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைக்க வேண்டும் என்பது உன் தலையில் இருக்கிறது, எங்கும் எழுதியில்லை. கருவி ஃபுளோட்டில், அதாவது தசம எண்ணாக, கூட்டிவிடும் (0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும் கதை உனக்குத் தெரியாததா!). இருக்கும் ஃபங்ஷனைக் கவனிக்காமல் இன்னொன்று எழுதும். பிழையை ட்ரை-கேட்ச் போட்டு, வெளியே தெரியாமல் விழுங்கும். சில சமயம் டெஸ்ட் (நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனை) தோற்றால் நிரலைத் திருத்தாமல் டெஸ்டில் இருக்கும் விடையையே மாற்றிவிடும். எல்லாம் பச்சையாக, பாஸானதாகத் தெரிவதால் இது கண்ணில் படாது. இவற்றைத் தேடித் திருத்தும் நேரத்தில் நீயே எழுதி முடித்திருப்பாய்.

ஆகவே மனப்பாடமான நிரலில் உன் கையே போதும். பழக்கமில்லாத மொழி, யாரோ விட்டுப்போன பெர்ல் ஸ்கிரிப்ட், 40 ஃபைலில் ஒரே மாதிரி மாற்றம் என்றால் தயங்காமல் கருவியிடம் கொடு.

கொடுக்குமுன் டெஸ்டை நீயே எழுதிக் கமிட் செய் (பதிவாகச் சேமித்துவிடு); தனி பிராஞ்சில், அதாவது மூல நிரலைத் தொடாத தனிக் கிளையில், வேலை நடக்கட்டும். என்னென்ன மாறியது என்று காட்டும் டிஃப்பில் டெஸ்ட் ஃபோல்டர் மாறியிருந்தால் முதலில் அதைப் பார். 200 வரி தாண்டினால் துண்டு துண்டாகக் கேள். இரண்டு முறை சொல்லியும் சரியாகாவிட்டால் அந்த உரையாடலை மூடிவிடு. தோற்ற முயற்சிகள் அதிலேயே கிடந்து மறுபடி அதே வழிக்கு இழுக்கும். புது பேக்கேஜ் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) பெயர் வந்தால், இன்ஸ்டால் செய்யுமுன் அது நிஜமா, எப்போது பதிவானது என்று பார். கருவி கற்பனையாகச் சொல்லும் பெயரையே யாராவது பதிவு செய்து, உள்ளே விஷமம் வைக்க முடியும்.

தலையில் இருக்கும் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, நிரல் இருக்கும் ரெப்போவிலேயே வை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் உதவும்.

அடுத்து உனக்கு வரும் 20 டிக்கெட்டுக்கு (வேலைக்கு), எத்தனை நிமிடம் ஆகும் என்று முதலில் எழுதிவை. அதன் பிறகு பூவா தலையா போடு. முன்பே போட்டால் மதிப்பீடு சாய்ந்துவிடும். பூ விழுந்தால் கருவியோடு, தலை என்றால் இல்லாமல். கேட்டது, காத்திருந்தது, படித்தது, ரிவியூவில் திரும்பி வந்ததைத் திருத்தியது, எல்லா நிமிடமும் கணக்கில் வரட்டும். 20 சின்ன எண்தான். சந்தாவைத் தொடர்வதா என்று ஒரு யோசனை வர அது போதும். அந்தத் தாளை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா