ரத்த வங்கிப் பயிற்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வக உதவியாளர்களுக்கான ரத்தமேற்றல் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. அழைப்பிதழில் ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர் இருந்தாலும், பாடுபட்டவர்கள் நீங்கள்தான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். ஆகவே செய்த காரியத்தைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி மூத்த டெக்னீஷியன் அக்காவுக்கு. சென்ட்ரிஃபியூஜிலிருந்து (டியூபை வேகமாகச் சுழற்றும் கருவி) எடுத்த டெஸ்ட் டியூபை எப்படிப் பிடிப்பது என்பதற்கே அவர் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவழித்தார். அப்போது கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைத்தேன். டியூபை மெல்லச் சாய்த்து, அடியில் படிந்த சிவப்பணுக்கள் எப்படிக் கிளம்புகின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகப் பெயர்ந்தால் நாலு பிளஸ், அதாவது மிக வலுவான ஒட்டல். புகைபோலக் கலைந்தால் நெகட்டிவ், ஒட்டவே இல்லை. சிக்கல் லேசாக மட்டும் ஒட்டும் ஒரு பிளஸ்ஸில்தான். "படபடவென்று உலுக்கினால் ஒட்டியதும் பிரிந்துவிடும், அப்புறம் நெகட்டிவ் என்று எழுதி வைப்பாய்" என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று சொன்னார்.

கூம்ஸ் டெஸ்ட்டிலும் அவர் விடவில்லை. சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க 1945-இல் வந்த சோதனை, கொடையாளர் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் கிராஸ்மேட்சுக்கு இன்றும் அதுதான் துணை. நெகட்டிவ் வந்த டியூபில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி பூசிய சிவப்பணுவை ஒரு சொட்டு விட்டு, அது ஒட்டிய பிறகுதான் முடிவை எழுத விட்டார். ஒட்டாவிட்டால், பெரும்பாலும் சலைனில் கழுவியது போதவில்லை. மிஞ்சிய புரதம் ரீஏஜென்ட்டை (சோதனைத் திரவம்) தின்றுவிட்டது. சரி, மறுபடி முதலிலிருந்து! முணுமுணுப்பு கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாளில் எழுதிய முடிவுகளை வைத்துப் பாடம் எடுத்த டாக்டருக்கு அடுத்த நன்றி. ஏ, பி வகை அணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி திரவங்கள் இரண்டிலும் ஒரு நோயாளியின் அணுக்கள் ஒட்டவில்லை; எல்லோரும் 'ஓ' என்று எழுதினார்கள். பிறகு ரிவர்ஸ் குரூப்பிங் (நோயாளியின் பிளாஸ்மாவோடு வகை தெரிந்த அணுக்களைச் சேர்த்துப் பார்ப்பது) முடிவைக் காட்டினார்: 'ஓ' அணுக்களும் ஒட்டியிருந்தன. 1952-இல் முதலில் பதிவான, பார்வைக்கு 'ஓ' போலவே தெரியும் பம்பாய் வகை. அந்த வகை நோயாளிக்கு 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ரிவர்ஸ் எதற்கு என்ற கேள்வி அதோடு நின்றது.

ஒரே பெயருள்ள இரண்டு நோயாளிகளாக நடிக்க ஆள் பிடித்து வந்த நர்ஸ் அக்காவை மறக்க முடியாது. சாம்பிள் டியூபில் படுக்கை அருகிலேயே பெயரும் எண்ணும் எழுத வேண்டும். மேசைக்கு வந்து எழுதக் கூடாது. குரூப் மாறி ரத்தம் ஏறுவதில் பெரும்பகுதி ஆள் மாறுவதால்தான் என்பதால், இந்தப் பாடத்தை நான் முதல் நாளுக்கே மாற்றப் போகிறேன்.

சிவப்பணு 2 முதல் 6 டிகிரி, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரியில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று குளிர்பெட்டிகளைத் திறந்து காட்டிய சாருக்கும், வழக்கமான வேலைக்கு நடுவே சென்ட்ரிஃபியூஜ் தந்த ஆய்வகத்துக்கும், பயிற்சிக்காகக் கை நீட்டிய கொடையாளர்களுக்கும், உடைந்த டியூப்களைப் பத்திரமாக அப்புறப்படுத்திய ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த அணிக்கும் வருவதாக டெக்னீஷியன் அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்தமுறை பயின்றவர்களில் சிலர் அவருக்கு உதவியாக நிற்பார்கள். ஆட்களை அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். முணுமுணுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நன்றியுடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்