அணைப்புக்கு வேறு நோக்கம் தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், மணமாகிச் சில ஆண்டுகள் ஆன ஒரு பெண் கேட்டிருந்த கேள்வியைப் படித்தேன். இரவில் கணவரின் தோளில் தலை வைத்து, அவருடைய கை தம் முதுகின் மேல் இருக்கப் படுத்திருந்தாலே மனம் நிறைந்துவிடுகிறது என்றும், பெரும்பாலான நாள்களில் அதற்கு மேல் எதையும் மனம் நாடுவதில்லை என்றும், இது தம்மிடம் உள்ள குறையா என்றும் அவர் கேட்டிருந்தார். தைராய்டு, இரத்தசோகை, ஹார்மோன் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொள்ளுமாறு மருத்துவர் பதில் அளித்திருந்தார். அந்தப் பதிலைத் தவறு என்று நான் சொல்லவில்லை. தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் தாம்பத்திய நாட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தமக்கு எது நிறைவு தருகிறது என்பதையும் அப்பெண் எழுதியிருந்தார். அதைப் பற்றிப் பதிலில் ஒரு வரிகூட இல்லை. அவர் விரும்புவது பாதி ஆசை அன்று, தன்னளவில் முழுமையானது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பக்கவாதத்தால் படுத்தவர்களையும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களையும் தொட்டுத் தூக்கி, அவர்களை எப்படித் தொட வேண்டும் என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. ஆகவே தொடுகையைப் பற்றி உடலின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல முடியும்.

நம் தோலில் தொடுகையை உணர்த்தும் நரம்பிழைகள் ஒரே வகையானவை அல்ல. எது, எங்கே, எவ்வளவு அழுத்தமாகத் தொடுகிறது என்பதை நொடிப்பொழுதில் மூளைக்குச் சொல்லும் வேகமான இழைகள் ஒரு வகை. மெல்லிய மயிர் உள்ள தோலில், அதாவது கையிலும் முதுகிலும் முகத்திலும் பரவியிருக்கும் மெதுவான இழைகள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையை 1939-இல் பூனைகளிடம் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு உடலியலாளர் சோட்டர்மன். மனிதரிடமும் இவை இருக்கின்றன என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்து வால்போ, ஒலாசன் முதலிய ஆய்வாளர்கள் விரிவாக நிறுவினார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், தோலின் இயல்பான சூட்டில் இருக்கும் ஒன்று தோலை வருடும்போதுதான் இவை மிகுதியாகத் துடிக்கின்றன. வேகம் கூடினாலும் குறைந்தாலும் இவற்றின் துடிப்பு அடங்கிவிடுகிறது. குழந்தையைத் தூங்க வைக்கும் தாயின் கையும், உறக்கம் வராத மனைவியின் முதுகைத் தடவும் கணவனின் கையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஏறத்தாழ இந்த வேகத்தில்தான் நகர்கின்றன. நோயால் வேகமான இழைகளை இழந்துவிட்ட ஒருவரை வைத்து 2002-இல் வெளியான ஆய்வில், தூரிகையால் மெல்ல வருடியதை அவரால் தெளிவாக இடம் சுட்ட முடியாவிட்டாலும், இதமாக ஏதோ நிகழ்கிறது என்று உணர முடிந்தது தெரியவந்தது. இதத்தை உணர்வதற்கென்றே நம் உடல் தனி வழி வைத்திருக்கிறது. காம உறவின் முதற்படியாக மட்டுமே அந்த வழி அமைந்திருக்கவில்லை.

அதற்காகத் தொடுகையை ஒரு மருந்தைப் போல, யார் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. 2006-இல் ஜேம்ஸ் கோன் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, காலில் சிறு மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்து, மூளையில் நிகழ்வதைக் கவனித்தார்கள். ஒரு முறை கணவரின் கையைப் பற்றியிருந்தார்கள். ஒரு முறை முன்பின் அறியாதவரின் கையை. ஒரு முறை யார் கையையும் பற்றவில்லை. அறியாதவரின் கையே ஓரளவு அச்சத்தைத் தணித்தது, கணவரின் கை அதைவிட நன்றாகத் தணித்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது முடிவு. தங்கள் மணவாழ்க்கை நிறைவாக இருக்கிறது என்று சொன்ன பெண்களிடம்தான் அந்தத் தணிவு மிகுதியாக இருந்தது. பகல் முழுவதும் அந்தக் கை எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்தே இரவில் உடல் உணர்கிறது. 2019-21-ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அடித்த கையே இரவில் அணைக்க நீளும்போது உடல் விறைத்துப்போகும் பெண்ணிடம், அன்பு காட்டத் தெரியாதவள் என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த விறைப்பு அவளைக் காக்க வந்த ஒன்று.

அன்பாக இருக்கும் வீடுகளிலும் கணவன் மனைவி இடையே தொடுகை எப்படி ஒளிந்து வாழ்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது, முட்டியில் தைலம் தேய்த்துவிடுவது, தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது, கால் பிடித்துவிடுவது என்று ஒரு காரணம் இருந்தால்தான் நம்மவர்கள் தொடுவார்கள். அந்தக் காரணங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எத்தனையோ தம்பதியருக்கு அந்தத் தைலக்குப்பிதான் வாயால் சொல்லாத அன்பைச் சொல்லியிருக்கிறது. ஆனால் கால் பிடித்துவிடுவது பெரும்பாலும் மனைவியின் கையாகவே இருப்பதும், அவளுடைய காலைப் பிடித்துவிட்டால் அது கேலிக்கு உரியதாவதும் எனக்கு வருத்தம் தரும் செய்திகள்.

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போன ஓர் அம்மாவின் வீட்டுக்குப் பயிற்சி அளிக்கச் சென்றிருந்தேன். அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையைக் கணவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. எழுபது வயதைக் கடந்த அவர், மனைவியின் முழங்கையை விரல் நுனியால் மட்டுமே பிடித்தார். உள்ளங்கை முழுவதையும் தோள்பட்டை எலும்பின் கீழ் வையுங்கள், அவர்கள் மூச்சை வெளியே விடும்வரை அப்படியே வைத்திருங்கள், பிறகு திருப்புங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். இறுகி மடங்கியிருந்த அந்த அம்மாவின் வலது கைவிரல்கள் சற்றே தளர்ந்தன. திரும்பிப் படுத்த பிறகு, நன்றாக இருந்த இடக்கையை எடுத்துக் கணவரின் கைமேல் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டார். அவரோ மருமகள் நிற்கிறாரா என்று வாசற்பக்கம் பார்த்தார்; ஆனால் கையை எடுக்கவில்லை.

கேள்வி-பதில் பகுதியில் பேசப்படாத இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். நீரிழிவு நோயாலோ, புராஸ்டேட் அறுவை சிகிச்சையாலோ உறவு கொள்ள இயலாமற்போன ஆண்களைச் சொல்கிறேன். தொட்டால் அடுத்து ஒன்று நடந்தாக வேண்டும், அது நம்மால் ஆகாது என்ற அச்சத்தில் அவர்கள் மனைவியை அணைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கட்டிலை விட்டுக் கூடத்துக்கு வந்து படுக்கிறார்கள். மனைவியோ தம்மீது அவருக்கு விருப்பம் போய்விட்டது என்று முடிவு செய்கிறார். இருவரும் ஏங்குவது ஒன்றுக்காகத்தான். அதைச் சொல்லும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் இருவர் 1970 வாக்கில் தம்பதியருக்கு வகுத்த சிகிச்சை முறையின் தொடக்கமே, சில காலம் உடலுறவு கூடாது, ஒருவரையொருவர் தொட்டு உணர்ந்தால் மட்டும் போதும் என்பதுதான். எதையும் நிறைவேற்றிக் காட்ட வேண்டிய கட்டாயம் நீங்கியதும் அச்சம் தணிகிறது. இன்றும் பாலியல் மருத்துவர்கள் இம்முறையைக் கையாள்கிறார்கள்.

ஆண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பையனுக்குப் பத்து வயது ஆகிவிட்டால் அவனை மடியில் வைப்பதும் அணைப்பதும் நின்றுவிடுகிறது. அதன்பின் திருமணம் வரை அவனை அன்பாகத் தொடுபவர் அநேகமாக யாரும் இல்லை. திருமணத்துக்குப் பின்னரும் உடலுறவு ஒன்றே அணைப்புக்கான வாசலாக அவனுக்குக் காட்டப்படுகிறது. வேலையில் அவமானப்பட்டு வந்த நாளில் தலையைக் கோதிவிட ஒரு கை வேண்டும் என்று கேட்கத் தெரியாமல், தெரிந்த ஒன்றையே கேட்கிறான். நாள் முழுவதும் இடுப்பிலும் மார்பிலும் குழந்தை தொங்க, யாரும் மேலே கை வைக்காமல் சற்று நேரம் இருந்தால் போதும் என்றிருக்கும் மனைவி விலகிப் படுக்கிறாள். அந்த விலகலை அவன் வெறுப்பென்று எடுத்துக்கொள்கிறான். கேள்வி கேட்ட சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது, இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும், தவறில்லை; ஆனால் நாளிதழுக்கு எழுதியதை அப்படியே கணவரிடமும் சொல்லட்டும். "இன்றைக்கு இப்படியே படுத்திருப்போம்" என்று சொல்லவும், அதைக் கேட்டு மனம் சுருங்காமல் இருக்கவும் பழகிய தம்பதியரிடம் தொடுகை அச்சமின்றி இருக்கிறது. எந்நாளும் அந்த இடத்திலேயே நிற்பது கணவருக்கு ஏக்கம் தருமானால், அதையும் அவர் வாய் திறந்து சொல்ல இடம் கொடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நாளிதழில் பேசுவது நம் பண்பாடா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். திருக்குறளின் காமத்துப்பாலில், தழுவிக் கிடந்தவள் சற்றே புடைபெயர்ந்த அந்த அளவிலேயே, பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றமான பசலை அள்ளிக்கொள்வதுபோல் வந்துவிட்டது என்று சொல்லும் குறள் இருக்கிறது. இருவருக்கும் இடையே காற்றும் புகாத அணைப்பே இனிது என்னும் குறளும் இருக்கிறது. இவற்றைப் பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்பிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் தமிழர்கள் இதைப் பேசத் தயங்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கேள்விகளுக்கு மருத்துவருடன் ஒரு குடும்பநல ஆலோசகரின் பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சாப்பிடலாம், எப்போது மாடி ஏறலாம் என்றெல்லாம் எழுதிக்கொடுக்கிறார்கள். கணவனும் மனைவியும் எப்போது, எப்படி அருகருகே படுக்கலாம் என்று சொல்பவர் அரிது. பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பெலும்பு கூடும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு நெஞ்சை அழுத்தித் தழுவக் கூடாதே தவிர, பக்கத்தில் படுத்துக் கையைப் பற்றிக்கொள்ளவோ தோளைத் தடவிக்கொடுக்கவோ தடையில்லை. பக்கவாதம் வந்தவருக்கு உணர்வு குன்றாத பக்கத்தில் துணைவர் படுத்தால் தொடுகை நன்றாகத் தெரியும். உணர்வு குன்றிய பக்கத்தையும் அவ்வப்போது அவர் பார்க்கும்படியாகத் தொட்டுப் பழக்குவது நல்லது. அந்தத் தோளை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது. இதுபோன்ற செய்திகளைத் துறை வல்லுநர்களிடம் கேட்டு ஒரு தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.