சுவர்க் கட்டில் வாங்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பகலில் அலுமாரி போல நின்று, இரவில் கீழே இறக்கினால் கட்டிலாகிவிடும் சுவர்க் கட்டில்கள் இப்போது யாழ்ப்பாணத்துத் தளபாடக் கடைகளிலும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை வாங்க எண்ணுவோர், விலையை விசாரிப்பதற்கு முன்னர் தங்கள் வீட்டுச் சுவர் எத்தகையது என்பதை விசாரிக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

இக்கட்டில்களின் தேவையை நான் மறுக்கவில்லை. போருக்குப் பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 550,000 ரூபா உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடி கொண்டவை. அவற்றில் அன்று சிறுபிள்ளைகளாகக் குடிபுகுந்தவர்கள் இன்று சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கிறார்கள். மேசை போட இடமில்லை. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு அதே இடத்தில் இருந்து படிப்பது எங்களுக்குப் பழகிய வழக்கந்தான் என்றாலும், முழங்கால் நோவுள்ள முதியவர்களை நிலத்தில் படுக்கச் சொல்ல முடியாது. சிக்காகோவில் தளபாடக் கடை நடத்திய சாரா கூட் என்ற கறுப்பினப் பெண்மணி, மடித்தால் எழுதுமேசையாகும் கட்டிலுக்கு 1885ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றதும் இத்தகைய இடநெருக்கடியை மனதிற்கொண்டுதான்.

என் தாயாருக்காக நாங்களும் ஒரு சுவர்க் கட்டில் வாங்கினோம். பொருத்த வந்தவர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், உள்ளே குழியுள்ள சீமெந்துக் கற்சுவரில் நான்கு சிறிய ஆணிகளை முறுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் மாதம் ஒருநாள் காலை, நிமிர்த்தி வைத்திருந்த கட்டில் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு முன்னால் சரிந்தது. வழக்கமாக அதன் கீழேயிருந்து வீட்டுப்பாடம் செய்யும் என் பேரன் அன்று ரியூசனுக்குப் போயிருந்தான். சிமெண்ட் தூள் படிந்த அவனுடைய கொப்பியைக் கையில் எடுத்தபோது ஏற்பட்ட நடுக்கம் இன்னும் நீங்கவில்லை.

விரித்த கட்டிலின் பாரத்தைக் கால்கள் நிலத்தில் தாங்கிக்கொள்ளும். ஆபத்து, அதைத் தூக்கும்போதும் நிமிர்ந்து நிற்கும்போதுமே உள்ளது. அப்போது மேல்விளிம்பு சுவரை விட்டு முன்னால் சரியப் பார்க்கும். அந்த இழுவையை வெறும் பூச்சும் தாங்காது, பழைய கல்வீடுகளின் உதிரும் சுண்ணாம்புச் சாந்தும் தாங்காது. அமெரிக்காவில் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த இத்தகைய கட்டில் ஒன்றினால் 79 வயதுப் பெண்மணி ஒருவர் காயமடைந்து 2018இல் உயிரிழந்தார்; 2022இல் அந்த வகைக் கட்டில்கள் சுமார் 129,000 திரும்பப் பெறப்பட்டன.

மெத்தையிலும் கவனம் வேண்டும். கட்டிலைத் தூக்க உதவும் காற்றழுத்தத் தண்டுகள் குறிப்பிட்ட பாரத்துக்கென அமைக்கப்பட்டவை. பஞ்சு போன்ற ஃபோம் மெத்தைக்குக் கணக்கிட்ட தண்டுகளுக்கு மேல், நாங்கள் செய்தது போலப் பாரமான தும்பு மெத்தையைப் போட்டால், இறக்கும்போது கட்டில் கையை மீறி விழும். மாரிகாலத்தில் ஈரம் உலராத மெத்தையை உள்ளே மடித்து மூடினால் பூஞ்சணம் பிடிப்பதையும் கண்டோம்.

பின்னர் எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர், மேசனையும் அழைத்து வந்து, சுவரின் மறுபக்கம் வரை துளையிட்டு, அங்கே இரும்புத் தகடு வைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்கித் தந்தார். அரை நாள் வேலைதான். இதைச் செய்யக்கூடிய கைகள் எங்கள் ஊரிலேயே இருக்கும்போது, விற்பவர்கள் அவர்களைக் கொண்டு பொருத்திக் கொடுக்காதது ஏன்? எந்தச் சுவருக்கு எந்த ஆணி, எவ்வளவு பாரம் வரை தாங்கும் என்பனவற்றைத் தெளிவான தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கட்டிலுடனும் வழங்குமாறு தளபாட வணிகர்களையும், இவ்வேலையைத் தச்சுப் பயிற்சியில் சேர்க்குமாறு யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.