கேட்டவன் போனால் கேட்டதும் போக வேண்டும்

அன்புள்ள தம்பி,

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு நீ எழுதிய சென்சார் டிரைவர் பேட்சைப் படித்தேன். வேலையில்லாதபோது சாதனத்தைத் தூங்க வைக்கும் ரன்டைம் பிஎம் பகுதி சுத்தமாக இருக்கிறது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் நீ வைத்திருக்கும் ‘கீப் அவேக்’ கோப்பு பற்றித்தான் இந்தக் கடிதம். அதை இப்படியே கெர்னலுக்கு அனுப்பாதே. கெர்னலுக்கு வெளியே ஓடும் யூசர்ஸ்பேஸ் நிரல்கள் நம்பிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட இடைமுகத்தை உடைக்க, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடமாட்டார். பேசுவதென்றால் இப்போதே பேசிவிட வேண்டும்.

1 எழுதினால் சென்சார் விழித்திருக்கும், 0 எழுதினால் தூங்கலாம் என்று வைத்திருக்கிறாய். ஒரே நிரல் இருக்கும்வரை சரி. இரண்டு வந்தால்? இரண்டும் 1 எழுதுகின்றன. முதலாவது வேலை முடிந்து 0 எழுதியதும், இரண்டாவது பாதி அளவீட்டில் இருக்கும்போதே சென்சார் தூங்கிவிடும். எண்ணிக்கை வைத்துக்கொள்கிறேன் என்பாய். 1 எழுதிய நிரல் கிராஷ் ஆனால் அந்த எண்ணிக்கையைக் குறைக்க யார் இருக்கிறார்கள்? ரீபூட் வரை பேட்டரி வீணாகும்.

சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற டிவைஸ் கோப்பைப் பார். நிரல் அதைத் திறந்து, தன்னால் தாங்கக்கூடிய தாமதத்தை மைக்ரோ செகண்டில் எழுதுகிறது. பலர் கேட்டால் மிகச் சிறிய எண்ணைக் கெர்னல் எடுத்துக்கொள்கிறது. திறந்தபோது கிடைத்த ஃபைல் டிஸ்கிரிப்டர் (கோப்பின் கைப்பிடி எண்) மூடப்பட்டதும் கோரிக்கை நீங்கிவிடுகிறது. நிரல் செத்தாலும் கெர்னலே டிஸ்கிரிப்டரை மூடிவிடும், தனியாகத் துப்புரவு தேவையில்லை. இன்னொன்றையும் கவனி: ‘இந்த சி-ஸ்டேட்டை (பிராசஸரின் தூக்க நிலையை) அணை’ என்று யாரும் அங்கே கேட்பதில்லை. எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறார்கள், எந்த சி-ஸ்டேட் என்பதைக் கெர்னல் முடிவு செய்கிறது. பிராசஸர் மாறினாலும் நிரலை மாற்ற வேண்டியதில்லை.

லினக்ஸில் பயனர் லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி லாகின்டி சேவையும், இன்ஹிபிட் (‘இப்போது தூங்காதே’ என்ற தடை) கேட்பவரிடம் ஒரு டிஸ்கிரிப்டரைத்தான் கொடுக்கிறது. கூடவே யார், எதற்காக என்றும் எழுதி வாங்கிக்கொள்கிறது. லேப்டாப் ஏன் தூங்கவில்லை என்று தேடுபவருக்கு அந்த இரண்டு வரி பெரிய உதவி.

ஆண்ட்ராய்டில், ஒரு கோப்பில் பெயர் எழுதினால் கருவியைத் தூங்கவிடாத வேக்லாக் என்ற பூட்டு நன்றாகத்தானே ஓடியது என்று நீ கேட்கலாம். 2009-இல் வந்த அந்தப் பேட்ச்கள் மீது மெயில் லிஸ்ட்டில் நடந்த சண்டை 2010 முழுக்க நீண்டது. கடைசியில் 2012-இல், 3.5 கெர்னலில், அதே பாணிக் கோப்புகள் சேர்ந்தன. அங்கே பெயரை எழுதிவிட்டு நிரல் செத்தால் பூட்டு அப்படியே நிற்கும். ஆண்ட்ராய்டில் அது பெரிய தொல்லையாகாததற்குக் காரணம், ஆப்கள் அந்தக் கோப்பை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் பவர் மேனேஜர் சர்வீஸ் நிற்கிறது. ஆப் செத்தால், நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் பைண்டர் வழியாக அதற்குத் தகவல் வரும், பூட்டை அதுவே விடுவிக்கும். உன் டிரைவருக்கு மேலே அப்படி யாரும் இல்லை.

நீ உடன் அனுப்பிய டீமனிலும் (பின்னணியில் ஓடும் நிரலிலும்) ஒரு ஓட்டை இருக்கிறது. வேலை ஏதும் நிலுவையில் இல்லை என்று பார்த்துவிட்டு, கணினியைத் தூங்க வைக்க ஸ்டேட் கோப்பில் ‘மெம்’ என்று எழுதுகிறது. பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் சென்சாரிலிருந்து இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லும் சிக்னல்) வந்தால்? டிரைவர் அதை வாங்கிக்கொள்ளும், டீமனுக்குத் தெரியாது, கணினி தூங்கிவிடும். அடுத்த முறை விழிக்கும்வரை அந்தத் தகவல் கவனிப்பாரின்றிக் கிடக்கும். கெர்னலின் மின்சேமிப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ரஃபேல் விசாக்கி எழுதி 2010-இல் 2.6.36-இல் வந்த வேக்கப் கவுண்ட் கோப்பு இதற்குத்தான். முதலில் அதைப் படி. ஏதாவது விழிப்பு நிகழ்வு நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை கெர்னல் உன்னைக் காக்க வைக்கும். 47 என்று வந்தது என்று வை. உன் வேலைகளைச் சரிபார்த்துவிட்டு அதே 47-ஐத் திருப்பி எழுது. நடுவில் நிகழ்வு வந்திருந்தால் எழுதுவது தோற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கு. எழுத்து ஜெயித்தால் ‘மெம்’ எழுது. அதற்குப் பிறகு நிகழ்வு வந்தாலும் கெர்னலே சஸ்பெண்டைக் கைவிட்டுவிடும். ஆனால் இன்டரப்ட் வந்தவுடன் உன் டிரைவர், நிகழ்வு நடக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பிஎம் ஸ்டே அவேக் ஃபங்ஷனை அழைக்க வேண்டும், இப்போது அது இல்லை.

‘பவர் கன்ட்ரோல்’ கோப்பில் ஆட்டோ, ஆன் என்று இருப்பதும் சிஸ்எஃப்எஸ்தானே என்பாய். அது நிர்வாகி ஒரு முறை வைத்துவிட்டுப் போகும் அமைப்பு, அவர் போனாலும் நிற்க வேண்டியது. நீ செய்வது ஓடும் நிரலின் கோரிக்கை.

ஆகவே அந்தக் கோப்பை எடுத்துவிட்டு ஒரு கேரக்டர் டிவைஸ் வை, சிபியு டிஎம்ஏ லேட்டன்சி போல நிரல்கள் திறந்து மூடும் டிவைஸ் கோப்பு. திறந்தால் விழித்திருக்கட்டும், மூடும்போது அழைக்கப்படும் ரிலீஸில் விடுபடட்டும். அடுத்த பேட்சோடு ஒரு சோதனையும் அனுப்பு: இரண்டு நிரல்கள் திறந்திருக்கும்போது ஒன்றை கில் -9 கட்டளையால் வலுக்கட்டாயமாகக் கொன்றால் சென்சார் விழித்தே இருக்க வேண்டும், மற்றதையும் கொன்றால் தூங்க வேண்டும். அது தேறியதும், அந்தப் பகுதிக்குப் பேட்ச்களை ஏற்கும் மெயின்டெய்னருக்கு நானும் உன்னோடு சேர்ந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்